முதலில் கிளப், பிறகுதான் கருவி

கேள்வி: பெருமழைக் காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரம் போய்ச் சில மணி நேரத்தில் செல்போன் கோபுரமும் ஓய்ந்துவிடுகிறது. நானும் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளும் ஹாம் ரேடியோ (தனிநபர்கள் உரிமம் பெற்று நடத்தும் அமெச்சூர் ரேடியோத் தொடர்பு) கிளப்பில் சேர விரும்புகிறோம். உரிமம் வாங்கிய பிறகுதான் சேர முடியுமா? எந்தக் கருவியை வாங்குவது?
– வாசகி ஒருவர், கேத்தி, நீலகிரி

பதில்: 2009 நவம்பரில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டிய ஊரிலிருந்து வந்துள்ள இக்கேள்வியை வெறும் பொழுதுபோக்கு விசாரணையாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. 2004 சுனாமியின்போது அந்தமானில் தொலைபேசித் தொடர்பு அறுந்த நிலையில், அமெச்சூர் ரேடியோத் தொடர்புக்காக முன்னரே போர்ட் பிளேர் சென்றிருந்த பாரதி பிரசாத் குழுவினரின் ரேடியோ நிலையம்தான் பலரது நலச் செய்திகளைத் தாய்நிலத்துக்குக் கொண்டு சேர்த்தது. கருவியும் பயிற்சியும் முன்கூட்டியே இருந்ததால்தான் அது முடிந்தது.

கிளப்பில் உறுப்பினராக உரிமம் தேவையில்லை. உரிமத்துக்குத் தயாராவதற்கே பலரும் கிளப்பை நாடுகிறார்கள். ஆனால் உரிமம் கைக்கு வரும்வரை மைக்கின் பொத்தானை அழுத்திப் பேசக் கூடாது. உரிமம் பெற்றவர் அருகில் அமர்ந்து, அவர் தம் அழைப்புக் குறியை (உரிமத்துடன் ஒவ்வொருவருக்கும் தரப்படும் எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளம்) சொல்லி எப்படித் தொடங்குகிறார், இன்னொருவர் குறுக்கிட எப்படி இடைவெளி விடுகிறார், சிக்னலின் தரத்தை எப்படிச் சொல்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். புத்தகத்தைவிட இது வேகமாகக் கற்றுத்தரும்.

தேர்வை மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்துகிறது. விண்ணப்பம் சரல் சஞ்சார் இணையதளத்தில். பன்னிரண்டு வயது நிறைந்தவர்கள் எழுதலாம் என்பதால் உங்கள் மகளுக்கும் தடையில்லை. ‘ரெஸ்ட்ரிக்டட்’ பிரிவு உரிமத்துக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) தேவையில்லை. ‘ஜெனரல்’ பிரிவுக்கு நிமிடத்துக்கு எட்டுச் சொல் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும். முந்தையவர்களின் அழைப்புக் குறி வி.யு.3 என்றும், பிந்தையவர்களுடையது வி.யு.2 என்றும் தொடங்கும். தேர்வில் வென்றாலும் உரிமம் கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், பொறுமை வேண்டும்.

கருவியைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: இப்போது எதுவும் வாங்காதீர்கள். உரிமமின்றி டிரான்ஸ்மிட்டரை வைத்திருப்பதே குற்றம் என்பது ஒரு காரணம். உங்கள் மலையின் அமைப்பு மற்றொன்று. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் கைக்கருவிகள் இயங்கும் 144–146 மெகாஹெர்ட்ஸ் அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்பவை. குன்னூரில் சமவெளியைப் பார்த்த விளிம்பில் நின்றால் ஐந்து வாட் கருவியே மேட்டுப்பாளையத்தையும் அதற்கு அப்பாலும் எட்டிவிடும். அதே கருவி குந்தா பக்கத்துப் பள்ளத்தாக்கில் அடுத்த முகட்டைத் தாண்டவே திணறும்.

பள்ளத்தில் இருப்பவர்களுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையே கைகொடுக்கும். பக்கத்துக்குப் பத்து மீட்டர் வீதம் ஏறத்தாழ இருபது மீட்டர் ஆன்டெனாக் கம்பியை, இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கிடையே அதிக உயரமில்லாமல் கட்டினால், அலை ஏறக்குறைய செங்குத்தாக மேலெழுந்து, வானின் உயரத்தில் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பகல் வேளையில் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இறங்கும். இடையில் எத்தனை மலை நின்றாலும் அதற்குப் பொருட்டில்லை. நம் மூடுபனி மட்டும் கேபிள் இணைப்புக்குள் புகுந்து சில மாதங்களில் செம்பைப் பச்சையாக்கிவிடும் என்பதால், அங்கே நீர்புகா நாடாவை இறுக்கிச் சுற்றுங்கள். கோடை இடி தொடங்கும் மாதங்களில் பயன்பாடு முடிந்ததும் ஆன்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள். உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும் என்பதை, மலையில் கம்பி கட்டிப் பழகிய உறுப்பினர் ஒருவர் நேரில் வந்து பார்த்துச் சொல்வதே சரி. அருகில் கிளப் இல்லையெனில், கோவை ஹாம்களுடன் (உரிமம் பெற்ற ஹாம் ரேடியோக்காரர்கள்) தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, உங்கள் ஊரில் நான்கைந்து பேராவது சேர்ந்து தேர்வெழுதுங்கள். ஒரே ஒரு ஹாம் இருக்கும் ஊரில், அவர் வெளியூர் போன நாளில் மழை வந்தால் கருவி இருந்தும் பயனில்லை.

கேள்வி: பச்சைத் தேயிலை ஏற்றிச் செல்லும் வண்டிகளுடன் பேச, உரிமம் பெற்றபின் ஹாம் ரேடியோவைப் பயன்படுத்தலாமா?
– வாசகர் ஒருவர், கோத்தகிரி

பதில்: கூடாது. அமெச்சூர் அலைவரிசையில் தொழில், வியாபாரம் தொடர்பான பேச்சுக்கு இடமில்லை. வண்டி ஓட்டுநரிடம் ஹாம் உரிமம் இல்லாதபோது அவர் பதில் பேசுவதும் விதிமீறலே. தொழிற்சாலைத் தேவைக்கு வணிக வயர்லெஸ் உரிமம் தனியாக உண்டு, அதற்கு விண்ணப்பியுங்கள்.