கடல் தாண்டி வந்த அறிவித்தல்

ஐயா,

எழுபதுகளில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு சிலோன் ரேடியோதான் என்பார் அப்பா. அறிவிப்பாளர்களின் சுத்தத் தமிழுக்காகவே கேட்டார்களாம். “சும்மா கதை விடாதே, சினிமாப் பாட்டுக்குத்தான் கேட்டோம்” என்கிறார் பெரியப்பா. இன்னொரு நாட்டின் அரசு வானொலி நமக்காக ஏன் பாட்டுப் போட வேண்டும்? யார் சொல்வது சரி?

க.

அன்புள்ள க.,

என் ஓட்டு பெரியப்பாவுக்கு. பாட்டுதான் இழுத்தது. தமிழ் அப்புறம் பிடித்து வைத்துக்கொண்டது.

1952ல் பி. வி. கேஸ்கர் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரானபின் ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்றுபோனது. நல்ல சங்கீதம் போட்டால் ஜனங்கள் திருந்திவிடுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. ஜனங்கள் திருந்தவில்லை, முள்ளைத் திருப்பினார்கள். கொழும்பில் 1950லேயே வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. உலகப் போரையொட்டி நேசப்படைகள் கொழும்புக்கு அருகே ஏக்கலவில் நிறுவிய, கடல் தாண்டியும் எட்டுகிற பெரிய சிற்றலை ஒலிபரப்பியும் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. இந்தியாவில் பற்பசை விற்கிறவர்கள்கூட அங்கே நேரம் வாங்கினார்கள். ஆகவே நம்மேல் பாசம் என்றெல்லாம் இல்லை, வியாபாரம். 1957ல் ஆல் இந்தியா ரேடியோவே சினிமாப் பாட்டுக்கு விவித் பாரதி என்ற சேவையைத் தொடங்கியபிறகும் பழகிய காது திரும்பவில்லை.

அதற்குக் காரணம் அப்பா சொல்கிற தமிழ். அறிவிப்பாளர் கே. எஸ். ராஜா மழை கொட்டுகிற வேகத்தில் பேசுவார், ஒரு ழகரம் நழுவாது. அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் என்று ஒவ்வொரு குரலுக்கும் தனி ரசிகர் கூட்டம்.

ஆனால் அது நம்முடைய வானொலி என்று நாம் நினைத்துக்கொண்டது கொஞ்சம் அதிகம். சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் கொழும்பில் ஒரே கூரையின்கீழ் இருந்தன. முஸ்லிம் சேவை தனியாக, அதுவும் தமிழில். 1956ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் வந்தது, கலையகத்தில் தமிழ் ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. தொலைக்காட்சி வந்தபோது கதை வேறு. 1982ல் தொடங்கிய ரூபவாஹினியில் தமிழுக்குக் கிடைத்தது சின்னப் பங்கு. தூத்துக்குடிப் பக்கம் நாம் மூங்கிலில் ஆன்டெனா கட்டிப் படம் பிடித்தோம். சிங்களம் புரியாவிட்டால் என்ன, கிரிக்கெட் புரிந்ததே!

நானும் கடற்கரை ஊர்க்காரன்தான். பாட்டுகளைவிட எனக்கு நினைவில் நிற்பது மரண அறிவித்தல். அடுப்படி ஜன்னலில் டிரான்சிஸ்டர் இருக்கும். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார், இன்னாரின் அன்புக் கணவர், இன்னார் இன்னாரின் தந்தை என்று ஏற்ற இறக்கமில்லாத குரல் வாசித்துக்கொண்டே போகும். பூதவுடல் எத்தனை மணிக்கு எந்த மயானத்துக்குப் போகிறது என்பதுவரை சொல்லி, “உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்” என்று முடியும். அம்மா அரிவாள்மணையில் கையை நிறுத்தி, கடைசிப் பெயர் வரை கேட்டுவிட்டுத்தான் மறுபடி காயை எடுப்பாள். அவளுக்கு அங்கே ஒருவரையும் தெரியாது.

பருத்தித்துறை, சாவகச்சேரி, வவுனியா எல்லாம் வரைபடத்தில் பார்ப்பதற்கு முன்பே எனக்குக் காதில் விழுந்த ஊர்கள். 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு இதே பெயர்கள் இங்குள்ள செய்திகளில் வரத் தொடங்கின. அம்மா எழுந்துவந்து, “இது நம்ம ரேடியோ ஊராச்சே” என்று கேட்டுக்கொண்டு நிற்பாள்.