அணு எரிபொருள் ஆராய்ச்சிக்கூடத்தில் சில கிராம் பொருளுக்கும் அனைத்துலக அணுசக்தி அமைப்பின் ஆய்வாளர்கள் கணக்குக் கேட்பது ஏன்? அணு உலையே இல்லாத சிங்கப்பூருக்கு இதில் என்ன?

ஜூரோங் கப்பல் பட்டறைகளில் பற்றவைப்புகளைக் காமாக் கதிரால் படம்பிடித்துச் சோதிக்கும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். நான் கையாண்ட கருவியில் கதிரை வெளியிடும் இரிடியத்தைச் சுற்றியிருந்த கவசம், ஏறத்தாழ 15 கிலோ செறிவு குன்றிய (எளிதில் பிளவுறும் வகை பெரும்பாலும் நீக்கப்பட்ட) யுரேனியம். அதுவும் சட்டப்படி அணுப்பொருளே என்று அறிந்த நாள் முதல் இந்தக் கேள்வி என்னை விட்டதில்லை.

அணுமின் நிலையத்தில் கணக்கு எளிது. எரிபொருள் கோல்களுக்கு எண் உண்டு, எண்ணிப் பார்க்கலாம். எரிபொருளை உருவாக்கிப் பார்க்கும் கூடத்திலோ அதே பொருள் தூளாகவும் கரைசலாகவும் மாறி, கையுறைப் பெட்டிகளின் மூலைகளிலும் குழாய்களின் உட்புறத்திலும் ஒட்டிக்கொள்கிறது. ஜப்பானின் தோக்காயில் புளூட்டோனிய எரிபொருள் தயாரித்த ஒரு கூடத்தில் அவ்வாறு படிந்தது மட்டும் ஏறத்தாழ 70 கிலோ என்று 1994இல் தெரியவந்தது. எவரும் எடுத்துச் செல்லவில்லை. ஆனால் ஒரு குண்டுக்கு வேண்டிய அளவாக அனைத்துலக அணுசக்தி அமைப்பு கொள்வது 8 கிலோ புளூட்டோனியம்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், படிந்த தூளைத் துடைத்தெடுத்து எடைபோடும்படி ஆய்வாளர்கள் வற்புறுத்துவது விளங்கும்.

சில கிராமுக்கும் கணக்கு எதற்கு என்பதற்குத் தென்கொரியாவே தக்க சான்று. தேஜோன் ஆய்வுக்கூடத்தில் 2000ஆம் ஆண்டில் லேசர் கொண்டு சுமார் 200 மில்லிகிராம் யுரேனியத்தைச் செறிவூட்டியதை (எளிதில் பிளவுறும் வகையின் பங்கை உயர்த்தியதை) அந்நாடு 2004இல், கூடுதல் நெறிமுறை (அமைப்புக்கு விரிவான அறிவிப்புகளும் சோதனை உரிமையும் தரும் உடன்படிக்கை) நடப்புக்கு வந்த பிறகே அறிவித்தது. அந்தத் துளியால் குண்டு செய்ய இயலாது; அதைச் செய்த கைகளுக்கு வந்த பக்குவமோ பொருளைப் போல் பூட்டி வைக்கக்கூடியதன்று. என் பார்வையில் ஆய்வாளர்கள் உண்மையில் தேடுவது அந்தப் பக்குவத்தின் தடயத்தைத்தான். அதற்கு அவர்களிடம் இருப்பது உள்ளங்கையளவுப் பருத்தித் துணி. புதுக் கையுறை அணிந்து மேசை விளிம்பையும் கதவுப் பிடியையும் துடைத்து, துணியை இரட்டைப் பைக்குள் அடைத்து ஆஸ்திரியாவின் சைபர்ஸ்டோர்ஃபில் உள்ள அமைப்பின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். வடகொரியா யோங்பியோனில் ஒரே முறைதான் புளூட்டோனியத்தைப் பிரித்ததாகச் சொன்னது சரியன்று என்பதை 1992இல் காட்டிக்கொடுத்தவை அத்தகைய மாதிரிகளே.

சிங்கப்பூரில் இந்தக் கூடுதல் நெறிமுறை 2008 முதல் நடப்பில் இருக்கிறது. அணுப்பொருளையே தொடாத எரிபொருள் சுழற்சி (எரிபொருளைத் தயாரிப்பது முதல் பயன்படுத்திய பின் கையாள்வது வரையிலான) ஆய்வையும் அதன்படி அறிவிக்க வேண்டும். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் அணு ஆராய்ச்சி வளர்ந்துவரும் இவ்வேளையில், உலை வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு முன்பே நம் இளம் ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கெழுத்தில் தேர்ந்துவிட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.