இமயமலை ஆற்றில் கைடு வைத்து ஃப்ளை ஃபிஷிங் போக எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இது: அக்டோபரில் ஐந்து நாள் லீவு, மனைவியும் வருகிறார், ஊரில் தூண்டில் போட்ட பழக்கம் உண்டு, ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி மாதிரிக் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பது) செய்ததில்லை. குல்லு, காஷ்மீர் இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா?

முடிக்கலாம். ஆனால் பஸ்ஸும் விமானமும் ஏறி இறங்கவே ஐந்து நாள் சரியாகப் போய்விடும். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே ஆறு, தண்ணீரில் நிற்க குறைந்தது மூன்று பகல். இதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் போய்வந்தது இமாச்சலத்தில் குல்லு மாவட்டத்துத் தீர்த்தன் ஆற்றுக்கு. மூன்று முறை போயிருக்கிறேன், அதில் முதல் முறை சொதப்பல். அந்தச் சொதப்பலைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அப்போது இணையத்தில் பார்த்த ஒரு பேக்கேஜுக்குப் பணம் கட்டினேன். 'ட்ரௌட் ஃபிஷிங், கைடு உட்பட' என்று போட்டிருந்தார்கள். ட்ரௌட் என்பது குளிர்ந்த ஆற்று மீன். ஜூன் கடைசி வாரம். போய்ப் பார்த்தால் ஆறு பால் கலந்த டீ நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. வந்த பையன் கையில் இருந்தது ஸ்பின்னிங் ராட். நுனியில் சுழலும் தகடு. ஃப்ளை ராட் எங்கே என்று கேட்டேன். "எல்லாம் ஒன்றுதான் சார்" என்றான். இரண்டு மணி நேரம் நான் வீசினேன், ஒன்றும் இல்லை. பிறகு அவன் வாங்கி நாலு வீச்சு வீசி, ஒரு மீன் மாட்டியதும் கோலை என் கையில் கொடுத்து, "சுற்றுங்கள் சார், போட்டோ எடுக்கிறேன்" என்றான். அந்த போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

பையன் மேல் குறை இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பலரும் ஸ்பின்னரில் நன்றாகப் பிடிப்பார்கள், அது அவர்கள் வழக்கம். நான்தான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் பணம் கட்டிவிட்டேன். ஆகவே டிக்கெட், ரூம் எல்லாம் அப்புறம், முதலில் கைடு. ஏஜென்சியோடு பேசுவதைவிட, உங்களோடு ஆற்றில் நிற்கப்போகும் ஆளோடு போனில் பத்து நிமிடம் பேசிவிடுங்கள். அரைகுறை ஹிந்தி போதும். ஃப்ளை ராட் இருக்கிறதா, என்ன வெயிட் (கோல் எந்தக் கனத்து லைனுக்கானது என்று காட்டும் எண்) என்று கேளுங்கள். "4 வெயிட், 5 வெயிட்" என்று சட்டென்று பதில் வந்தால் பாதி நிம்மதி. ஒரு கைடுக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். புதிதாகக் கற்பவருக்கு ஒருவருக்கு ஒருவர்தான் சரி, நாலு பேருக்கு ஒரு கைடு என்றால் சிக்கெடுக்கவே அவருக்கு நேரம் போய்விடும். மழை பெய்து ஆறு கலங்கினால் என்ன செய்வோம் என்றும் கேளுங்கள். "ரூமில் ரெஸ்ட் எடுங்கள்" என்பவரைவிட, "பக்கத்து ஓடை சீக்கிரம் தெளிந்துவிடும், அங்கே போவோம்" என்பவர் ஆற்றை அறிந்தவர். தீர்த்தனோடு குஷைனியில் வந்து கலக்கும் ஃபலாச்சன் அப்படியொரு ஓடை.

மாதத்தைப் பொறுத்தவரை அக்டோபர் என்று நீங்கள் சொன்னது நல்ல தேர்வு. இமாச்சலத்தில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய ட்ரௌட் பிடிக்கத் தடை. பிரவுன் ட்ரௌட் முட்டையிடும் காலம் அது. மார்ச், ஏப்ரலும் நன்றாக இருக்கும். அதற்கப்புறம் பனி உருகி நீர் ஏறும், ஜூலை, ஆகஸ்டில் பருவமழை. 2023 ஜூலை வெள்ளத்தில் குல்லு பட்ட பாட்டைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். செப்டம்பர் கடைசியில் மழை ஓய்ந்த பிறகு ஆறு கண்ணாடி மாதிரி ஆகிவிடும், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணலாம். அதில் ஒரு சிக்கலும் உண்டு, நமக்கு மீன் தெரிகிற மாதிரி மீனுக்கும் நம்மைத் தெரியும். பளிச்சென்ற சட்டை வேண்டாம்.

மீன்பிடிக்க மாநில மீன்வளத் துறையின் லைசென்ஸ் கட்டாயம், நாள் கணக்கில் தருவார்கள். கைடே வாங்கித் தந்துவிடுவார், ஆனால் காகிதத்தை வாங்கி உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்கா அங்கேதான் இருக்கிறது. அதன் எல்லைக்குள் போக வேறு அனுமதி வேண்டும். நமக்கு அது தேவையில்லை. பஞ்சார், நாகினி, குஷைனி பக்கம் சாலையை ஒட்டிய ஆறே மூன்று நாளுக்குத் தாராளம்.

சரி, ஊரில் தூண்டில் போட்டவருக்கு இதில் என்ன புதுசு? நம் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும், அது பறக்கும்போது நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இங்கே தலைகீழ். ஃப்ளை என்பது முள்ளில் இறகும் நூலும் சுற்றி பூச்சி மாதிரிக் கட்டியது, எடையே கிடையாது. கனமெல்லாம் அந்தத் தடித்த லைனில். லைனைத்தான் வீசுகிறோம், ஃப்ளை பின்னால் ஒட்டிக்கொண்டு போகிறது. (இந்த இறகு விஷயத்தில் நமக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுக்கு, சால்மன் ஃப்ளை கட்டும் வெள்ளைக்காரர்களிடம் ஒரு காலத்தில் பெரிய கிராக்கி. இந்தியா ஏற்றுமதியைத் தடைசெய்துவிட்டது.)

கோலைப் பின்னால் கொண்டுபோய் ஒரு நொடி நிறுத்த வேண்டும். லைன் பின்பக்கம் முழுக்க விரிந்த பிறகுதான் முன்னால் தள்ள வேண்டும். எல்லோரும் தப்பு பண்ணுவது இந்த ஒரு நொடியில்தான். அவசரப்பட்டால் சாட்டை மாதிரி 'பட்' என்று சத்தம் வரும், ஃப்ளை அறுந்து போயிருக்கும். கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் மொட்டை மாடியிலோ மைதானத்திலோ பழகுங்கள், முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் துண்டு கட்டி. நான் பழகியபோது பக்கத்து வீட்டு அக்கா இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் என் மனைவியிடம் "வீட்டுக்காரருக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா" என்று விசாரித்தாராம். பரவாயில்லை. முதல் நாள் கைடு கூலியை வீச்சு கற்கச் செலவழிப்பதைவிட இது மலிவு.

இரண்டாம் முறை போனது அக்டோபர் முதல் வாரம். இந்த முறை கைடு ஐம்பது வயதுக்காரர். 'பையா' (ஹிந்தியில் அண்ணா) என்றுதான் கூப்பிட்டேன். முதல் அரை மணி நேரம் அவர் கோலைத் தொடவே விடவில்லை. ஒரு கல்லைப் புரட்டி, அடியில் ஒட்டியிருந்த புழு மாதிரி ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மண் துகளைக் கோத்துக் கூடு கட்டி உள்ளே இருக்கும் காடிஸ் பூச்சியின் குஞ்சு. "மீன் இன்று இதைத்தான் தின்கிறது" என்று சொல்லி, டப்பாவிலிருந்து கிட்டத்தட்ட அதே அளவு, அதே பழுப்பு நிறத்தில் ஒரு நிம்ஃபை (நீருக்குள் மூழ்கிப் போகும் ஃப்ளை) எடுத்துக் கட்டினார். மேலே தக்கைக்குப் பதில் விரல் நகம் அளவு ஆரஞ்சு உருண்டை. தக்கை என்றதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது, அது நம்ம விஷயம் இல்லையா.

ட்ரௌட் எப்போதும் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து, பாறைக்குப் பின்னால் நீர் மெதுவாகும் இடத்தில் நிற்கும். வேகமாக ஓடும் நீர் தீனி கொண்டுவரும், மெதுவான நீர் களைப்பில்லாமல் நிற்க இடம் தரும். இரண்டும் சேரும் கோட்டில் ஃப்ளை போக வேண்டும். கீழ்ப்பக்கமிருந்து மேல்நோக்கி வீசினேன். ஆனால் நடுவில் ஓட்டம் லைனைப் பிடித்து இழுக்க, ஃப்ளை படகு மாதிரிக் கோடு கிழித்துக்கொண்டு போனது. நிஜப் பூச்சி அப்படிப் போகாது. பையா என் மணிக்கட்டைப் பிடித்து, லைனின் வயிற்றைத் தூக்கி மேல்பக்கம் போட்டுக் காட்டினார். மெண்டிங் என்பார்கள். வீச்சைவிட முக்கியம் இது.

எத்தனையாவது வீச்சோ, ஆரஞ்சு உருண்டை நின்றது. முங்கவில்லை, சும்மா அரை நொடி நின்றது. ஊரில் கெண்டை இழுக்கிற மாதிரி தக்கை உள்ளே போகும் என்று நான் காத்திருக்கிறேன், பின்னாலிருந்து "உட்டாவ்! உட்டாவ்!" என்று சத்தம். தூக்கினேன், சுண்டித் தூக்கிவிட்டேன், ஊர்ப் பழக்கம். நரம்பு அறுந்தது. ஃப்ளை கட்டும் நுனி நரம்பு (டிப்பெட் என்பார்கள்) மிக மெல்லியது, சுண்டினால் தாங்காது. பையா ஒன்றும் சொல்லாமல் அடுத்த நிம்ஃபைக் கட்ட ஆரம்பித்தார்.

மதியத்துக்கு மேல் ஒன்று கிடைத்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது. வெண்ணெய் நிற வயிறு, பக்கவாட்டில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய வளையம். பிடிப்பதற்கு முன் கையை நனைக்கச் சொன்னார். காய்ந்த கை மீனின் மேல் இருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும், அப்புறம் பூஞ்சை பிடிக்கும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சிறு கூரைக் குறடால் முன்பே அமுக்கிவிட்டிருந்ததால் சுலபமாகக் கழன்றது. தண்ணீருக்குள்ளேயே வைத்து, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்தேன். இரண்டு தடவை செவுள் விரிந்தது, பிறகு கையில் ஒன்றும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டுத் தேடும் இந்த மீன் இமயமலை மீனே இல்லை. பிரவுன் ட்ரௌட் ஐரோப்பாவுக்கு உரியது. காஷ்மீருக்கு 1900 வாக்கில் ஸ்காட்லாந்து முட்டைகள் வந்து, அங்கிருந்து 1909-இல் குல்லு பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். நம் நீலகிரியில் அவலாஞ்சியில் ட்ரௌட் பண்ணை தொடங்கியது 1907. அப்படியானால் ஊட்டிக்கே போகலாமே என்று தோன்றும். அங்கே ட்ரௌட் இருக்கும் ஓடைகள் பெரும்பாலும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பதால், நினைத்தவுடன் கோலை எடுத்துக்கொண்டு போய் நிற்க முடியாது.

ஆற்றில் இறங்குவது பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முட்டிக்கு மேல் இறங்காதீர்கள். அந்தக் குளிரில் கால் மரத்துப்போவது தெரியாது, வழுக்கிய பிறகுதான் தெரியும். வேடர் (ஆற்றில் நிற்கப் போடும், நீர் புகாத நீளக் கால்சட்டை) போட்டால் இடுப்பு பெல்ட்டை இறுக்கிக் கட்டுங்கள், விழுந்தால் உள்ளே நீர் நிறைவதை அதுதான் தடுக்கும். கைடு "வெளியே வா" என்றால் வீச்சை முடிக்காமலேயே வெளியே வாருங்கள். தீர்த்தனில் மின்சார அணை கிடையாது. திட்டங்கள் வந்தபோது பள்ளத்தாக்கு மக்களே எதிர்த்து நிறுத்தினார்கள். ஆனால் கீழே லார்ஜியில் பியாஸ் ஆற்றின் மேல் அணை இருக்கிறது. 2014 ஜூனில் அதில் திறந்துவிட்ட நீரில், ஆற்றுக்குள் நின்று போட்டோ எடுத்த ஹைதராபாத் கல்லூரி மாணவர்கள் 24 பேர் போனார்கள். அதனால் போகிற வழியில் பியாஸ் ஓரம் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்கும் ஆசை வேண்டாம்.

போகும் வழி: டெல்லியிலோ சண்டிகரிலோ இரவு மணாலி பஸ் ஏறி, ஔட் சுரங்கப்பாதைக்கு முன்னால் இறங்கிக்கொள்ள வேண்டும். கண்டக்டரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள், விடியற்காலையில் தூங்கிப்போனால் மணாலியில்தான் கண் விழிப்பீர்கள். அங்கிருந்து பஞ்சார் வழியாகக் குஷைனிக்கு டாக்ஸி. நான் கைடுக்கு நாளொன்றுக்கு 3,000 ரூபாய் கொடுத்தேன், கோல், ஃப்ளை, வேடர் எல்லாம் சேர்த்து. இப்போது கூடியிருக்கும். பேரம் பேசலாம், ஆனால் மூன்று நாளுக்கு அவரையே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பேசுங்கள்.

மனைவி வருகிறார் என்றீர்கள். மீனில் ஆர்வமில்லாதவரை நாள் முழுக்கக் கரையில் உட்கார வைத்தால் அடுத்த பயணமே கிடையாது, அனுபவத்தில் சொல்கிறேன். ஒரு நாள் ஜலோரி கணவாய்க்குப் போய்வாருங்கள், 3,000 மீட்டருக்கு மேல். அங்கிருந்து செரோல்சர் ஏரிக்கு ஓக் மரக் காட்டுக்குள் நடக்கலாம். மூன்று நாள் ஆறு, ஒரு நாள் ஜலோரி, போக வர பஸ் இரவில் என்றால் ஐந்து நாளில் இழுத்துப் பிடித்து முடித்துவிடலாம், முன்னும் பின்னும் சனி ஞாயிறு சேர்ந்தால்.

சொந்தமாக எதுவும் வாங்க வேண்டாம், போலரைஸ்டு கண்ணாடி ஒன்றைத் தவிர. மேற்பரப்பு பளபளப்பை வெட்டி அடியில் நிற்கும் மீனைக் காட்டும். பறந்து வரும் முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும். மூன்றாம் முறை போனபோது முள் என் தொப்பியில் இரண்டு தடவை மாட்டியது, காதில் ஒரு தடவை.