கண்டியில பாக்க என்னதான் இருக்கு?

வணக்கம் சார்,
போன மாசம் குடும்பத்தோட இலங்கை போனோம். கண்டியில ரெண்டு நாள். புத்தரோட பல்லு வச்சிருக்குற தலதா மாளிகையில கூட்டத்துல இடிபட்டு உள்ள போனா அந்தப் பல்லைக் காட்டல, தூரத்துல ஒரு தங்கப் பேழை, அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஏரி, ஏகப்பட்ட டிராஃபிக். இதுக்கா இவ்ளோ பில்டப்? அடுத்த வருஷம் மறுபடி போற பிளான் இருக்கு, கண்டியை விட்டுடலாமா?
– ஒரு வாசகர், வேலூர்

அன்புள்ள நண்பருக்கு,

வேலூர்க்காரர் நீங்க போய் இதைக் கேக்குறீங்களே! பாலாத்தங்கரையில முத்து மண்டபம் இருக்குல்ல, அது கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் சமாதி. நாயக்க வம்சம், பட்டத்துக்கு முன்னாடி பேரு கண்ணுசாமி. போர்த்துகீசியன், டச்சுக்காரன்னு யாராலயும் பிடிச்சு வச்சுக்க முடியாத மலை ராஜ்ஜியம் அது, 1803-ல வெள்ளைக்காரனும் உள்ள போய் நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டுதான் வந்தான், ஆனா 1815-ல ராஜா மேல கடுப்புல இருந்த பிரதானிகளே வெள்ளைக்காரன் பக்கம் சாஞ்சுட்டாங்க, பெருசா சண்டைகூட இல்லாம முடிஞ்சிருச்சு. ராஜாவை கப்பல் ஏத்திக் கொண்டாந்து உங்க கோட்டையில வச்சாங்க, 1832-ல அங்கயே போய்ச் சேந்துட்டார். நீங்க பாத்த ஏரி அவர் கட்டினதுதான், அதுக்கு முன்னாடி வயக்காடு.

பல்லு விஷயம். அது யார் கையில இருக்கோ அவங்களுக்குத்தான் ஆளுற உரிமைன்னு அங்க நம்பிக்கை, அதனால பேழைக்குள்ள பேழையா பூட்டித்தான் வைப்பாங்க. 2025 ஏப்ரல்ல, 16 வருஷம் கழிச்சு வெளிய எடுத்துக் காட்டினப்போ ஜனங்க நாள் கணக்கா கியூவுல நின்னாங்க. ஆமா, மாளிகைக்கு எதுத்தாப்ல பத்தினி தேவாலயம்னு ஒண்ணு இருக்குமே, போனீங்களா? நம்ம கண்ணகிதான். ஆடி மாசத்தை ஒட்டி வர்ற பெரஹரா ஊர்வலத்துலயும் அவளுக்கு ஒரு இடம் உண்டு.

ராஜா இறங்கிப் போன கொஞ்ச வருஷத்துலயே நம்ம ஜனங்க அந்த மலைக்கு ஏற ஆரம்பிச்சாச்சு, காப்பித் தோட்ட வேலைக்கு. மன்னார்ல இறங்கி காட்டு வழியா மாத்தளை வரைக்கும் நடை, வழியில காய்ச்சல்லயும் பேதியிலயும் செத்தவங்க ஏராளம். 1867-ல கண்டிக்கு ரயில் வந்ததே அந்தக் காப்பியை இறக்கத்தான். அப்புறம் இலையில நோய் விழுந்து காப்பி போச்சு, தேயிலை வந்துச்சு, ஆளுங்க மட்டும் அதே லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல. 1948-ல அவங்களுக்குக் குடியுரிமை கிடையாதுன்னு சட்டமே போட்டாங்க, அது முழுசா தீர அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. டீ ஃபேக்டரியில யாரும் இதெல்லாம் சொல்ல மாட்டாங்க, டீத்தூள் பாக்கெட்டைத்தான் நீட்டுவாங்க.

அதனால விட்டுடாதீங்க, கண்டியில தங்கி ஒரு நாள் மாத்தளைக்குப் போங்க, முத்துமாரியம்மன் கோயில் வாசல்ல கொஞ்ச நேரம் உக்காருங்க. ரயில்னா கொழும்புல ஏறும்போதே வலது பக்க ஜன்னல், ஆனா மழைக்கு மண்சரிவுன்னா லைனை மூடிருவாங்க, கேட்டுட்டுக் கிளம்புங்க. பஸ்ஸுல கண்டக்டர் "நுவர, நுவர"ன்னுதான் கத்துவார். அதுதான் கண்டி. நான் நுவரெலியான்னு நினைச்சு ரெண்டு பஸ்ஸை விட்டேன்.