உங்கள் சம்பளம் 2,600 வெள்ளி அல்ல

ஐயா, வணக்கம். ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சம்பளம் 2,600 வெள்ளி. வேலையை விட்டுவிட்டு, சொந்த ஊரான சுங்கை சிப்புட்டில் பசியாறும் கடை ஒன்று போட ஆசை. கையில் 28,000 வெள்ளி இருக்கிறது. ஐந்தாண்டுக்குள் வீடு வாங்க வேண்டும், மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டும். கடையைப் பெரிய சாலையில் எடுப்பதா, பசார் பக்கமா? என்ன பெயர் வைக்கலாம்? அரசாங்கத்தின் தெக்குன் சிறுதொழில் கடன் வாங்கலாமா?

அன்புள்ள தம்பி,

கடிதத்தைச் சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். பெயர்ப்பலகையின் நிறத்துக்கு ஒரு முழுப் பத்தி. வீட்டுக்கும் மகளுக்கும் சேர்த்து ஒரே வரி. படித்தபோது கோபம்தான் வந்தது. வணிகப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் பதிந்தால் 60. பெயரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவே. தெக்குனில் நம் இந்தியத் தொழில்முனைவோருக்கென்று ஸ்பூமி என்ற கடன் திட்டம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

என் சித்தப்பா உங்கள் வட்டாரத்தில்தான், ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக்கடை வைத்திருந்தார். பால்மரம் வெட்டுகிறவர்கள் 555 என்ற சின்னக் கடன் நோட்டில் எழுதிச் சாமான் எடுப்பார்கள், சம்பளத்தன்று தீர்ப்பார்கள். தீர்க்காதவர்களும் உண்டு. சித்தப்பா சட்டை கசங்காமல் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். சித்தி அதிலிருந்துதான் மீனுக்கு எடுப்பார், பையன்கள் சினிமாவுக்கு எடுப்பார்கள். தனக்கென்று அவர் ஒரு காசு சம்பளம் எழுதிக்கொண்டதில்லை. அவரிடம் கடன் சொல்லி அரிசி வாங்கியவர்கள் 55 வயதில் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து, தாமான் குடியிருப்பில் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். சித்தப்பாவிடம் வராக்கடன் நோட்டுகள்தான் மிஞ்சின.

சேமநிதி 1951-இல் வந்தது. அது தொழிலாளிக்கானது, கடைக்காரருக்கு அதில் என்ன வேலை என்று அவர் கடைசிவரை நினைத்தார். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள்.

உங்கள் சம்பளத்தில் 11 விழுக்காடு, 286 வெள்ளி, சேமநிதிக்குப் போகிறது. முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு, 338 வெள்ளி, கட்டுகிறார். அந்த 338 உங்கள் கையைத் தொடுவதே இல்லை, அதனால் உங்கள் கணக்கிலும் இல்லை. நீங்கள் விடப்போவது 2,938 வெள்ளி வேலை. வாடகை, சரக்கு, கேஸ், உதவியாளின் கூலி எல்லாம் போக, உங்கள் உழைப்புக்கு மட்டும் கடை மாதாமாதம் 2,938 தர வேண்டும். அதற்கு மேல் வருவதுதான் லாபம். சொந்தத் தொழில் செய்பவர் தானாகச் சேமநிதி கட்டினால், ஐ-சாரான் திட்டத்தில் அரசாங்கமும் சேர்த்துப் போடுகிறதே என்பீர்கள். போடுகிறது, ஆண்டு முழுவதற்கும் 500 வெள்ளி வரை. உங்கள் முதலாளி இரண்டு மாதத்தில் அதைவிட அதிகம் கட்டிவிடுகிறார்!

கடை போடாதீர்கள் என்று சொல்லவில்லை, தம்பி. ஊருக்குத் திரும்ப நினைக்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு மனம் இளகிவிடும். வீட்டு முன்பணம் எவ்வளவு, மகளுக்கு எந்த ஆண்டில் எவ்வளவு என்று முதலில் எழுதுங்கள். அந்த 28,000-இல் எதைத் தொடவே கூடாது என்று உங்கள் மனைவியிடம் கேளுங்கள். கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லையே, ஏன்? அதன் பிறகு மிஞ்சுவதுதான் கடைக்கான முதல். அது கடை எடுக்கப் போதாதென்றால், வேலையை விடாமல் வார இறுதியில் ஐந்தடி மேசை போட்டுத் தோசை விற்றுப் பாருங்கள்.

பெரிய சாலையா, பசாரா? விடிகாலையில் ஆட்கள் எந்தப் பக்கம் பசியோடு நடக்கிறார்கள் என்று நின்று பாருங்கள். அந்த ஊரில் பிறந்தவர் நீங்கள், என்னிடம் கேட்கிறீர்கள்!