சென்னையில் சொந்த வீடு, கையில் ஓய்வூதியம்: சொத்து வரி கேள்வி பதில்

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: சார், விற்பனைப் பத்திரத்தில் என் வீடு 1,190 சதுர அடி. 2022-க்கு முன் அரையாண்டுக்கு 2,000 ரூபாய் கட்டினேன். இப்போது 4,240 கேட்கிறார்கள். சரிதானா?

பதில்: மாநகராட்சிப் பதிவில் உங்கள் வீடு 1,200-ஐத் தாண்டி ஏறியிருக்கிறது சார். 1998-க்குப் பிறகு 2022-ல்தான் பொதுச் சீராய்வு நடந்தது. பழைய சென்னைப் பகுதியில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் 150 சதவீதம் கூட்டினார்கள். அதன்படி உங்களுக்கு 3,500. 2024 அக்டோபரில் கூடிய 6 சதவீதத்தையும் சேர்த்தால் 3,710. பத்து சதுர அடிக்கு மேல் தவறினாலே அடுத்த படிக்குப் போய்விடும். அரையாண்டுக்கு 530 ரூபாய் கூடுதல்!

பெரும்பாலும் பிழை இப்படித்தான் நுழைகிறது: படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்த்து பில்டர் சொன்ன சூப்பர் பில்ட்-அப் அளவையே சுயமதிப்பீட்டுப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். பத்திர நகல், அனுமதி வரைபடம், கடைசி ரசீது மூன்றையும் வைத்து, மறு அளவீடு கேட்டு மண்டல அலுவலகத்தில் உதவி வருவாய் அலுவலருக்கு மனு கொடுங்கள். உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வராதீர்கள். மனு போட்டாயிற்றே என்று வரியை நிறுத்த வேண்டாம், வட்டி ஏறும்.

அம்பத்தூர்: எங்களுக்கும் இதே விகிதமா?

பதில்: இல்லை. 2011-ல் இணைந்த பகுதிகளுக்கு அதே படிகளில் 25, 50, 75, 100 சதவீதம்தான்.

தி.நகர்: எனக்கு 74 வயது, தம்பி. மூத்த குடிமக்களுக்குத் தள்ளுபடி கிடையாதா?

பதில்: சென்னையில் வயதுக்கென்று தள்ளுபடி இல்லை அம்மா. தில்லி மாநகராட்சி, தாமே குடியிருக்கும் 200 சதுர மீட்டர் வரையான ஒரு வீட்டுக்கு மூத்த குடிமக்களுக்கு 30 சதவீதம் குறைக்கிறது. நாற்பது ஆண்டாக வரி கட்டி வருபவர்களுக்கு இங்கேயும் அது வர வேண்டும், கேட்டுக்கொண்டே இருப்போம். இப்போதைக்குக் கையில் இருப்பது ஊக்கத்தொகை. ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் கழியும், உச்சவரம்பு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. 3,710 ரூபாய் வரிக்கு ஒரு பக்கம் 185 மிச்சம், மறுபக்கம் மாதம் 37 நஷ்டம்.

பெரம்பூர்: மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறேன். வருமான வரியில் இதைக் காட்டலாமா?

பதில்: வாடகைக்கு விட்ட பகுதிக்குரிய சொத்து வரியை வாடகை வருமானத்தில் கழிக்கலாம். உங்கள் கையிலிருந்து, அந்த நிதியாண்டுக்குள்ளேயே கட்டியிருக்க வேண்டும். மீதியில் 30 சதவீத நிலைக்கழிவும் உண்டு. நீங்கள் குடியிருக்கும் கீழ்த்தளத்துக்கு இது பொருந்தாது.

அடையாறு: ஓய்வூதியம் போதவில்லை. வீட்டை விற்காமல் ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். 60 வயதானவர் வீட்டை அடகு வைத்து வங்கியிடம் மாதாமாதம் பணம் பெறுகிறார். கணவன் மனைவி இருவரும் கடைசிவரை அங்கேயே குடியிருக்கலாம். வரும் பணத்துக்கு வருமான வரி இல்லை. இருவர் காலத்துக்கும் பிறகு வாரிசுகள் கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம், இல்லையேல் வங்கி விற்றுக்கொள்ளும். ஆனால் வட்டி கடனோடு கூடிக்கொண்டே போகும், பிள்ளைகளிடம் முதலிலேயே பேசிவிடுங்கள். இன்னொன்று, சொத்து வரியும் வீட்டுக் காப்பீடும் உங்கள் பொறுப்பு. வரியைக் கட்டாமல் விட்டால், அதையே காரணமாக்கி வங்கி கடனை முன்கூட்டியே முடிக்கலாம். மாதம் வரும் தொகையில் வரிப் பங்கை அன்றைக்கே தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.