நீண்ட நாள் சிகிச்சை முடிந்தபின் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நன்றியாக என்ன கொடுக்கலாம்?

அம்மாவுக்கு ஆறு மாதக் கீமோவும் ரேடியேஷனும் முடிந்துவிட்டன, கவனித்துக்கொண்டவர்களுக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே கடைக்குப் போகாதீர்கள். முதலில் ஒரு தாளை எடுத்து ஆட்களை எழுதுங்கள்.

டாக்டரும், காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு அன்றே வீடு திரும்பும் டே கேர் பிரிவின் நர்ஸ்களும் தானாக நினைவுக்கு வந்துவிடுவார்கள். விட்டுப்போகிறவர்கள் வேறு. வாரத்துக்கு ஐந்து நாள் அம்மாவை அசையாமல் படுக்கவைத்து, தோலில் போட்ட குறியோடு லேசர் கோட்டைப் பொருத்தி நிறுத்திய ரேடியேஷன் டெக்னீஷியன்கள். வாந்தியைத் துடைத்த ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். வீல்சேர் தள்ளியவர், ரத்தம் எடுக்க வந்த லேப் ஊழியர், நைட் டியூட்டி சிஸ்டர்கள். எண்ணிப் பார்த்தால் சுலபமாக முப்பது பேர் வருவார்கள்.

வழக்கமாக நடப்பது, காலையில் ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸை நர்ஸிங் ஸ்டேஷனில் வைத்துவிட்டு வருவது. மதியத்துக்குள் அது காலியாகிவிடும். இரவு முழுக்க விழித்திருப்பவர்களுக்கு வெறும் டப்பாதான் மிச்சம். அதனால் ஆளுக்கொரு பொட்டலமாக வாங்குங்கள். 100 கிராம் மிக்சரோ காராசேவோ, கூடவே சீல் செய்த ஒரு கடலை மிட்டாய். பொட்டலம் 60 ரூபாய்க்குள் முடிந்தால் முப்பது பேருக்கு 1,800 ஆகும். ஷிஃப்ட் வாரியாக மூன்று பைகளில் பிரித்து, பை மேல் 'நைட் டியூட்டி', 'ஹவுஸ்கீப்பிங்' என்று பெரிதாக எழுதி இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுங்கள். எல்லாருக்கும் ஒரே பொருள் இருக்கட்டும். நர்ஸுக்கு நெய் மைசூர்பாகு, துப்புரவுப் பணியாளருக்குப் பிஸ்கட் என்று பிரித்தால் கொடுக்காமலே இருந்திருக்கலாம்.

பால் இனிப்பு வேண்டாம். சென்னை வெயிலில் பால்கோவாவும் ரசகுல்லாவும் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று கடைக்காரர் எழுதி வைக்க வேண்டும் என்பது 1.10.2020 முதல் விதி. வாங்கும்போது அதைப் பாருங்கள். பூங்கொத்தும் வேண்டாம். கீமோவில் வெள்ளணு (நோய்க்கிருமியை எதிர்க்கும் ரத்த அணு) குறைந்தவர்கள் இருக்கும் இடத்தில் பூ ஜாடித் தண்ணீரிலும் தொட்டி மண்ணிலும் வளரும் கிருமிகள் ஆபத்தானவை. மோதிரம், வளையல், வாட்ச் மாதிரியானவையும் பயன்படாது. கைகழுவும் விதிப்படி முழங்கைக்குக் கீழே எதுவும் அணியக்கூடாது என்பது பல வார்டுகளில் நடைமுறை. நாள் முழுக்க சானிடைசர் போட்டு வெடித்த கைகளுக்கு வாசனையில்லாத ஹேண்ட் கிரீம் உண்மையிலேயே உதவும். வாசனை இருந்தால் கீமோ நோயாளிக்குக் குமட்டும். நீலம், கறுப்பு பேனா ஒரு பெட்டி வைத்தாலும் நல்லது; வார்டில் பேனா நிற்கவே நிற்காது.

பணம் மட்டும் வேண்டவே வேண்டாம். ஹவுஸ்கீப்பிங்கில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர்கள். கவர் வாங்கியது தெரிந்தால் விசாரணை இல்லாமலே வேலை போகலாம். அரசு மருத்துவமனை என்றால் இன்னும் கவனம் தேவை. 1988ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி. உங்கள் நன்றி லஞ்சமில்லைதான், ஆனால் பையில் கவரோடு சிக்கிய ஊழியரால் அதை யாருக்கும் விளக்க முடியாது.

இருப்பதிலேயே பெரிய பரிசு கடிதம். காசே ஆகாது. ஆனால் 'எல்லாரும் நன்றாகக் கவனித்தார்கள்' என்று எழுதினால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பெயர், வார்டு, தேதி, என்ன செய்தார் என்று எழுதுங்கள். 'சிஸ்டர் இன்னார், ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றும்முன் அம்மாவின் பெயரையும் மருந்தின் பெயரையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். கை எரிகிறது என்றதும் ட்ரிப்பை உடனே நிறுத்தினார்' என்பது மாதிரி. தனியார் மருத்துவமனையில் ஒரு பிரதி நர்ஸிங் சூப்பரின்டெண்டென்டுக்கு, ஒன்று ஹெச்.ஆருக்கு, ஒன்று சம்பந்தப்பட்டவர் கையிலேயே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனுக்கு எழுதுங்கள். ஒப்பந்த ஊழியர் என்றால் அடையாள அட்டை எண்ணையும் குறிப்பிட்டு அவர் சூப்பர்வைசருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். புகார் வந்தால் பதிவாகும். நல்லபடி வேலை செய்தது எங்கேயும் பதிவாகாது. அடுத்த ஒப்பந்தத்தில் ஆட்களைக் குறைக்கும்போது அந்த ஒரு தாள் அவருக்குத் துணை.

டிஸ்சார்ஜ் அன்று கொடுக்காதீர்கள். பில், இன்சூரன்ஸ் அப்ரூவல், சம்மரி என்று உங்களுக்கும் அவர்களுக்கும் மூச்சு விட நேரமிருக்காது. முதல் ரிவ்யூவுக்கு வரும் நாளில், ரவுண்ட்ஸ் முடிந்து பதினொரு மணி வாக்கில் போங்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் வேண்டாம், அது நோயாளிகளை ஒப்படைக்கிற நேரம். முடிந்தால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டே கேரில் இருப்பவர்கள் பெரும்பாலும் நோயாளியை மிக மோசமான நாட்களில் மட்டுமே பார்க்கிறவர்கள்; தலைமுடி முளைத்து நடந்து வருவதைப் பார்ப்பது அவர்களுக்கு ரொம்ப அபூர்வம்.

டாக்டருக்குத் தனியாக விலை உயர்ந்த எதையும் வாங்க வேண்டாம், கடிதத்தில் அவர் பெயரும் இருந்தால் போதும். இன்னும் செய்ய மனமிருந்தால் குடும்பத்தில் உடல்நலமுள்ளவர்கள் அங்கேயே ரத்த தானம் செய்யலாம். ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை கொடுக்கலாம், ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 இருக்க வேண்டும். எந்த குரூப் குறைவாக இருக்கிறது, தட்டணுக்கள் (பிளேட்லெட்) தேவையா என்று ரத்த வங்கிக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொண்டு போங்கள்.